மடிக்கணினி: ஒரு சொல்லின் வரலாறு

மடிக்கணினி என்பது மடியில் வைத்து இயக்கும் அளவுக்குச் சிறியதும், கையில் எடுத்துச் செல்லத்தக்கதும், தன்னுள்ளேயே மின்கலம் கொண்டதுமான கணினியைக் குறிக்கும் தமிழ்ச் சொல் ஆகும். ஆங்கிலத்தில் இதனை லேப்டாப் என்பர். தமிழ்ப் பேச்சிலும் லேப்டாப் என்பதே பெருவழக்கு. ஆனால் செய்தித்தாள், பாடநூல், அரசு அறிவிப்பு, மனு என எழுத்துக்கு வந்துவிட்டால் அதே மக்கள் மடிக்கணினி என்றே எழுதுகின்றனர். சிலர் இடையில் உள்ள ககர ஒற்றை விட்டுவிட்டு ‘மடிகணினி’ என்றும் எழுதுவதுண்டு. பார்வைக்கு இது சிறு எழுத்துப்பிழை போலத் தோன்றும். உண்மையில் அந்த ஒற்று இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறு பொருள். அந்த வேறுபாட்டைத் தேடிப் போனால் மடி என்ற பழஞ்சொல்லின் வேர் வரையில் போக வேண்டியிருக்கிறது.

மடி என்னும் சொல்

திண்டுக்கல் மாவட்டம் பழனி வட்டத்தில், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள பேரூராட்சி பாலசமுத்திரம். பாலாறு பொருந்தலாறு அணை அருகிலேயே இருக்கிறது. பெயரில் சமுத்திரம் இருந்தாலும் கடலுக்கும் இவ்வூருக்கும் தொடர்பில்லை. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும் சமுத்திரம் பெரும்பாலும் பெரிய ஏரியையும் நீர்வளத்தையும் சுட்டும். அம்பாசமுத்திரத்திலும் கடல் இல்லை. ஒரு சொல் தன் முதற்பொருளை விட்டு எவ்வளவு தூரம் நடந்து வந்துவிடும் என்பதற்கு இவ்வூர்க்காரர்களுக்கு வேறு சான்று தேவையில்லை. மடி என்ற சொல்லும் அப்படி நடந்து வந்த சொல்தான்.

மாடு வளர்க்கும் வீட்டில் மடி என்றால் பால்மடி. கன்று ஈனும் நாள் நெருங்கும்போது மாடு மடி இறக்கிவிட்டது என்பார்கள். பருத்தி எடுக்கப் போகும் பெண்கள் சேலையை இடுப்பில் செருகிப் பை போல ஆக்கிக்கொள்வார்கள். அதுவும் மடி. மடி நிறைந்தவுடன் வரப்பில் வைத்திருக்கும் சாக்கில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஆண்கள் வேட்டியின் இடுப்புச் சுருளில் காசையும் வெற்றிலையையும் செருகிக்கொண்ட காலத்தில் அந்தச் சுருளுக்கும் மடி என்றே பெயர். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்ற பழமொழி இந்தக் காசு மடியைத்தான் சொல்கிறது. மடி என்றதும் தொடையை நினைத்துக்கொள்ளும் இக்கால மாணவர்களுக்கு அப்பழமொழி சட்டென்று விளங்காததில் வியப்பில்லை. நேர்த்திக்கடனுக்காகச் சேலைத் தலைப்பை ஏந்திப் பெறுவது மடிப்பிச்சை. குழந்தை படுத்து உறங்குவது தாய்மடி.

கடற்கரைக்குப் போனால் மீன் வந்து சேரும் வலையின் பை போன்ற பகுதி மடி. அரசு தடை விதித்ததால் செய்திகளில் அடிக்கடி அடிபடும் சுருக்குமடி வலை, இரட்டைமடி வலை என்ற பெயர்களில் உள்ளதும் இதே மடிதான். ஆசாரம் பார்க்கும் குடும்பங்களில் துவைத்து உலர்த்திப் பிறர் தொடாமல் எடுத்து உடுத்தும் துணியும், அந்தத் தூய நிலையும் மடி. மடிசார் என்ற உடையின் பெயரில் இச்சொல் இன்றும் இருக்கிறது. இலக்கியத்தில் மடி என்பதற்குச் சோம்பல் என்றும் பொருள் உண்டு. திருக்குறளின் 61ஆம் அதிகாரத்தின் பெயரே மடியின்மை. அதன் மூன்றாம் குறளில், சோம்பல் என்ற பொருளிலும் அழிதல் என்ற பொருளிலும் இச்சொல்லைத் திரும்பத் திரும்ப வைத்து வள்ளுவர் விளையாடியிருக்கிறார். மலையாளத்திலும் மடி என்றால் உட்கார்ந்தவரின் மடி, சோம்பல் என இரண்டு பொருளும் உண்டு. கன்னடத்தில் தாய்மடிக்கு மடிலு என்று பெயர்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் மடி என்ற சொல்லைத் தேடினால் இவற்றோடு இன்னும் பல பொருள்களைக் காணலாம். பொருள்கள் பலவாயினும் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரே செயல் தெரிகிறது. அது மடிதல், அதாவது வளைந்து ஒன்றன்மேல் ஒன்று படிதல். துணி மடிந்தால் மடிப்பு. கால் மடங்கினால் உட்காரும் நிலை. ஒன்று மேலும் ஒன்றாக மடிந்தால் இருமடங்கு. போரில் உடல் மடங்கி வீழ்ந்தவன் மடிந்தான். துணியை மடித்து உண்டாக்கிய பை மடி என்றால், அந்தப் பை தங்கும் உடற்பகுதிக்கும், உட்கார்ந்திருக்கும்போது இடுப்புக்கும் முழங்காலுக்கும் இடையே அமையும் இடத்துக்கும் அதே பெயர் போய்ச் சேர்ந்தது இயல்பானதே. உட்கார்ந்தவர் எழுந்துவிட்டால் இந்த மடி காணாமல் போய்விடும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கை, கால் போல இது நிலையான உறுப்பு அன்று. ஒரு மடிப்பினால் மட்டுமே உண்டாகும் இடம்.

ஆங்கிலச் சொல்லின் வழி

லேப்டாப் என்ற ஆங்கிலச் சொல் லேப், டாப் என்ற இரு சொற்கள் சேர்ந்தது. லேப் என்பது மடி. டாப் என்பது மேற்பரப்பு. மேசையின் மேற்பரப்பில் வைக்கும் கணினிக்கு டெஸ்க்டாப் என்ற பெயர் இருந்ததால் அதே அச்சில் லேப்டாப் வார்க்கப்பட்டது. தமிழ் எழுத்தில் வல்லின பகரம் ஒன்றே இருப்பதால், ஆய்வுக்கூடத்தைக் குறிக்கும் லேப், மடியைக் குறிக்கும் லேப் இரண்டையும் நாம் ஒரே மாதிரி எழுதுகிறோம். லேப்டாப் என்றால் ஆய்வுக்கூடத்துக் கணினி என்று எண்ணிக்கொள்ளும் மாணவர்கள் இருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று. லேப் என்ற ஆங்கிலச் சொல்லும் தொடக்கத்தில் உடற்பகுதியைக் குறிக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் லேப்பா என்பது ஆடையின் தொங்கும் விளிம்பையும் மடிப்பையும் குறித்தது. ஆடையின் அந்தப் பகுதியில் பொருள்களை ஏந்தினர், குழந்தையைக் கிடத்தினர். பிறகு பெயர் துணியிலிருந்து உடலுக்கு மாறியது. கோட்டின் கழுத்துப்பகுதியில் மடிந்து நிற்கும் பட்டைக்கு லேபல் என்று பெயர் வந்ததும், ஒன்றன்மேல் ஒன்று படிவதை ஓவர்லேப் என்பதும் அந்தப் பழைய பொருளின் மிச்சங்கள். ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு மொழிகளில், துணியின் மடிப்பு என்ற ஒரே புள்ளியிலிருந்து புறப்பட்டு, ஒரே வழியில் நடந்து, உட்கார்ந்தவரின் தொடைமீது வந்து நின்ற சொற்கள் இவை. லேப் என்ற சொல்லுக்கு மடி என்று எழுதியவர் இதையெல்லாம் ஆராய்ந்து எழுதியிருக்க வேண்டியதில்லை. நேர்ப்பொருளை மொழிபெயர்த்தார். அது வேர்ப்பொருளிலும் பொருந்திவிட்டது.

மடிக்கு வந்த பெட்டி

பெயர் இருந்தாலும் கருவி ஒரே நாளில் மடிக்கு வந்துவிடவில்லை. 1975இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட 5100 என்ற கணினியை எடுத்துச் செல்லத்தக்கது என்று விற்றார்கள். அதன் எடை ஏறத்தாழ 25 கிலோ, அதாவது அரிசிக் கடையில் ஒரு சிப்பம். 1981இல் வந்த ஆஸ்போர்ன் 1 என்ற கணினி தையல் இயந்திரப் பெட்டி போல மூடித் தூக்கக்கூடியதாக இருந்தது. அதன் எடை 11 கிலோ, விலை 1,795 டாலர், திரையின் அளவு 5 அங்குலம். இதை மடியில் வைத்து வேலை செய்ய யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள்.

இன்றைய வடிவத்துக்கு வழி காட்டியது 1982இல் வந்த கிரிட் காம்பஸ். திரையைக் கீல் வைத்து விசைப்பலகையின் மேல் மூடும் சிப்பி வடிவத்தை இதற்காக வடிவமைத்தவர் பில் மாக்ரிட்ஜ். எடை 5 கிலோ அளவு. விலையோ 8,150 டாலர். அதனால் வாங்கியவர்களில் அமெரிக்க அரசுத் துறைகளே முதன்மையாக இருந்தன. விண்வெளி ஓடத்திலும் இது பறந்தது. எனினும் தொடக்க மாதிரியில் மின்கலம் இல்லை. சுவரில் உள்ள மின் இணைப்பு எட்டும் தூரம் வரையில்தான் இதன் சுதந்திரம். லேப்டாப் என்ற பெயரையே சொல்லி விளம்பரம் செய்யப்பட்ட முதற்கணினியாகக் கருதப்படுவது 1983இல் அறிவிக்கப்பட்ட கேவிலான். அந்த நிறுவனம் விரைவிலேயே நொடித்துப் போயிற்று. கருவி மறைந்தது, பெயர் மட்டும் தங்கியது. 1985இல் தோஷிபா நிறுவனத்தின் டி1100 வந்த பிறகே இவ்வகைக் கணினிகள் வணிக உலகில் பரவத் தொடங்கின.

கணினி என்னும் சொல்

பெயரின் பிற்பாதியான கணினி, கணி என்ற வினையடியிலிருந்து வந்தது. கணித்தல் என்றால் எண்ணி அறிதல். வானத்துக் கோள்களின் இயக்கத்தை எண்ணி வருங்காலம் சொன்னவர்களையும் தமிழில் கணி, கணியன் என்றனர். சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரின் பெயரில் உள்ள கணியன் அதுவே. எண்ணுதலும் குறி சொல்லுதலும் ஒரே சொல்லுக்குள் இருப்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஐஸ்லாந்து மொழியில் கணினிக்குத் தோல்வா என்று பெயர். 1960களில் சிகுர்துர் நோர்தால் என்ற அறிஞர் எண் என்ற பொருளுள்ள ஒரு சொல்லையும் குறி சொல்பவள் என்ற பொருளுள்ள இன்னொரு சொல்லையும் இணைத்து இதை ஆக்கினார். மடிக்கணினிக்கு அவர்கள் வைத்த பெயருக்குப் பயணக் கணினி என்பது பொருள். உலகின் வடகோடியில் உள்ள சிறிய தீவும் தமிழகமும் கணினிக்குப் பெயர் தேடியபோது ஒரே இடத்தில் வந்து நின்றிருக்கின்றன.

தமிழில் முதலில் கம்ப்யூட்டர் என்றே எழுதினார்கள். அறிவியலைத் தமிழில் எளிமையாகச் சொன்ன சுஜாதா போன்றோரும் அச்சொல்லையே மிகுதியாக ஆண்டனர். பிறகு கணிப்பொறி வந்தது. தமிழ்நாட்டு மேல்நிலை வகுப்புப் பாடநூலின் பெயர் நீண்ட காலம் கணிப்பொறியியல் என்றே இருந்தது. 2018ஆம் ஆண்டுப் புதிய பாடத்திட்டத்தில் அது கணினி அறிவியல் ஆயிற்று. கணினி என்ற வடிவம் நிலைபெற உழைத்தவர்களில் மணவை முஸ்தபா குறிப்பிடத்தக்கவர். யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்புக்கு ஆசிரியராக இருந்த அவர், கணினித் துறைக்கென்றே களஞ்சிய அகராதி தொகுத்தார். இலங்கைத் தமிழர் கணனி என்றும், அதன் வழியே மடிக்கணனி என்றும் எழுதுவர். அது அவர்களின் வழக்கு, பிழை அன்று. ‘கணிணி’ என்று இரண்டு இடத்திலும் டண்ணகரம் போட்டு எழுதுவதுதான் பிழை. விடைத்தாள்களிலும் கடைப் பலகைகளிலும் அதை நிறையக் காணலாம்.

ஒற்று மிகுதலும் மிகாமையும்

மடி, கணினி என்ற இரு சொற்களும் சேரும்போது இடையில் ஏன் க் தோன்ற வேண்டும்? மடியில் வைக்கும் கணினி என்பது இதன் விரிவு. ‘இல்’ என்ற ஏழாம் வேற்றுமை உருபும், ‘வைக்கும்’ என்ற பயனும் மறைந்து மடிக்கணினி ஆகிறது. இதனை ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பர். இத்தகைய தொகையில் வருமொழி வல்லினம் மிகும். வீட்டில் செய்யும் பாடம் வீட்டுப்பாடம் ஆவதும், தண்ணீரில் வாழும் பாம்பு தண்ணீர்ப்பாம்பு ஆவதும் இதே விதிப்படிதான். கைப்பை, மேசைக்கணினி ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

ஒற்று இல்லாமல் மடிகணினி என்று எழுதினால் மடி என்பது பெயர்ச்சொல்லாக நிற்காது, வினையடியாகிவிடும். அப்போது இது சுடுசோறு, ஊறுகாய், வளர்பிறை போல வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. மூன்று காலத்துக்கும் விரித்தால் மடிந்த கணினி, மடிகின்ற கணினி, மடியும் கணினி என்று வரும். மடிதல் என்பதற்கு இறத்தல் என்ற பொருளும் இருப்பதால், மடிந்த கணினி என்பது பழுதாகி உயிர் விட்ட கணினியையும் குறிக்கலாம்! நகைச்சுவையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒற்றின்றி எழுதுவோர் பலருடைய மனத்தில் உள்ள பொருள் தெளிவாகத் தெரிகிறது. திரை மடங்கி மூடுகிறது, ஆகவே மடியும் கணினி என்று அவர்கள் கொள்கின்றனர்.

இப்படிக் கொள்வது தமிழின் பெயரிடும் முறைக்கு ஒத்துவருமா என்பதையும் பார்க்கலாம். நாம் மடக்கி வைக்கும் பொருள்களுக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர்கள் உள்ளன. அவை மடக்கு நாற்காலி, மடக்குக் கட்டில், மடக்குக் கத்தி, மடக்குக் குடை. எதிலும் மடி இல்லை, மடக்குதான் இருக்கிறது. தானாக மடிவது மடி, பிறர் மடிக்க மடிவது மடக்கு என்று பேச்சுத்தமிழ் நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது. மடிவதை வைத்துப் பெயரிட்டிருந்தால் அது மடக்குக் கணினி என்றே ஆகியிருக்கும். எனவே மடிக்கணினியில் உள்ள மடி உட்கார்ந்தவரின் மடியே. ககர ஒற்றுடன் எழுதுவதே சரி. ஆனால் மடியும் கணினி என்று எண்ணியவர் முழுக்க வழி தவறியவர் அல்லர். மேலே கண்டபடி மடி என்ற இடத்துக்கே மடிப்பினால்தான் அப்பெயர் வந்தது. சொல்லின் இன்றைய பொருளைத் தவறவிட்டவர் அதன் பழம்பொருளைத் தொட்டிருக்கிறார்.

இதே சிக்கல் கணிப்பொறி என்ற சொல்லிலும் இருந்தது. கணிக்கும் பொறி என்று வினைத்தொகையாகக் கொண்டால் ஒற்று மிகாமல் கணிபொறி என்றுதான் எழுத வேண்டும் என்று தமிழாசிரியர்கள் வாதிட்டனர். கணிப்பு என்ற பெயரை உள்ளே வைத்துப் பார்ப்பவர்கள் கணிப்பொறி என்றனர். கணினி என்ற ஒற்றைச் சொல் வந்தபிறகு அந்த வழக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. கைபேசியா கைப்பேசியா என்ற வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. கையில் வைத்துப் பேசுவது என்பதால் கைப்பேசி என்பதே இலக்கணம். மக்களில் பெரும்பாலோர் கைபேசி என்றே எழுதுகின்றனர்.

மடியை விட்டு இறங்கிய கணினி

1988இல் என்இசி நிறுவனத்தின் அல்ட்ராலைட்டும், 1989இல் காம்பேக் நிறுவனத்தின் எல்டிஇயும் வந்தபோது அவற்றை நோட்புக் என்று அழைக்கத் தொடங்கினர். ஏட்டின் அளவுக்கு இளைத்துவிட்டது என்பது கருத்து. தமிழில் இதற்கு ஏட்டுக்கணினி, குறிப்பேட்டுக் கணினி போன்ற பெயர்களைச் சிலர் எழுதிப் பார்த்தனர். அவை பரவவில்லை. ஜப்பானியரும் சீனரும் குறிப்பேடு என்ற கருத்தையே பிடித்துக்கொண்டனர். பிரெஞ்சு மொழியில் எடுத்துச் செல்லும் கணினி என்று மட்டும் சொல்கின்றனர். மடியை விடாமல் வைத்திருப்பவை ஆங்கிலத்தின் வழி வந்த சொற்களே.

நோட்புக் என்ற பெயரை நிறுவனங்கள் விரும்பியதற்கு இன்னொரு காரணமும் பொருந்தி வந்தது. வேகம் கூடக் கூடக் கணினியின் அடிப்பகுதி சூடாகியது. நெடுநேரம் தொடைமீது வைத்திருந்தவர்களுக்குத் தோல் வலைபோலக் கருத்துப்போவதை மருத்துவர்கள் பதிவு செய்தனர். நம் ஊர்ப் பக்கம் குளிர் காலத்தில் அடுப்போரத்திலேயே உட்கார்ந்திருக்கும் முதியவர்களின் காலில் காணப்படும் அதே வகைத் தழும்பு அது. இன்று பல கணினிகளோடு வரும் கையேடுகள் நெடுநேரம் மடியில் வைக்க வேண்டாம், கெட்டியான சமதளத்தில் வைக்கவும் என்று எச்சரிக்கின்றன. பெயர் எதைச் செய்யச் சொல்கிறதோ அதைக் கையேடு செய்யாதே என்கிறது. அதற்காகப் பெயரை மாற்ற வேண்டியதில்லை. பாலசமுத்திரத்தில் கடல் இல்லை என்று யாரும் ஊர்ப்பெயரை மாற்றவில்லை.

2011க்குப் பிறகு

மடிக்கணினி என்ற சொல் இணையத்திலும் கலைச்சொல் பட்டியல்களிலும் முன்பே இருந்தது. ஆனால் அதைத் தமிழ்நாட்டின் எல்லா ஊர்களுக்கும் கொண்டு சேர்த்தது ஓர் அரசுத் திட்டம். 2011 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. அளித்த வாக்குறுதியின்படி, அவ்வாண்டு செப்டம்பர் 15 அன்று அண்ணா பிறந்தநாளில் முதலமைச்சர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் வழங்குவதற்காக முதலாண்டில் மட்டும் 9.12 லட்சம் கணினிகளுக்கு எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியது. ஒரே வாங்கலில் இத்தனை கணினிகள் என்பது உலக நிறுவனங்களையே திரும்பிப் பார்க்க வைத்த எண்ணிக்கை.

திட்டத்தின் பெயர் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம். இலவசம் என்ற சொல்லைத் தவிர்த்து விலையில்லா என்ற அடைமொழியை அந்த அரசு எல்லாவற்றுக்கும் பயன்படுத்தியது. விலை கொடுக்கத் தேவையில்லாதது என்பது அதன் கருத்து. விலை மதிக்க முடியாதது என்றும், எந்த விலையும் பெறாதது என்றும் வேறு இரண்டு பொருள் கொள்ளவும் அதில் இடம் உண்டு. வாங்கிய மாணவரின் நிலையைப் பொறுத்து மூன்றுமே உண்மையாக இருந்தன. அதே ஆண்டில் கிராமப்புற ஏழைப் பெண்களுக்கு விலையில்லாக் கறவைப் பசு வழங்கும் திட்டமும் தொடங்கியது. ஒரே ஊரில் ஒரு வீட்டுக்குப் பால்மடியும் அடுத்த வீட்டுக்கு மடிக்கணினியும் வந்து சேர்ந்த காலம் அது.

சொல் வரலாற்றில் இந்தத் திட்டத்தின் பங்கைக் கைப்பேசியோடு ஒப்பிட்டால் எளிதில் உணரலாம். கைப்பேசி கடை வழியாக வந்தது. கடைக்காரர் செல் என்றார், வாங்கியவரும் செல் என்றார். பிறகு தமிழ்ப்பெயர் தேடியவர்கள் ஆளுக்கொன்றாகச் செல்பேசி, செல்லிடப்பேசி, அலைபேசி, கைப்பேசி என்று எழுத, இன்றுவரை ஒன்று நிலைக்கவில்லை. மடிக்கணினியோ பழனி வட்டார ஊர்களில் உள்ள எண்ணற்ற குடும்பங்களுக்கு, கடையில் பார்ப்பதற்கு முன்பே பள்ளி விழா மேடை வழியாக வந்தது. கருவி வீட்டுக்குள் வரும்போதே அழைப்பிதழிலும் தட்டியிலும் தமிழ்ப்பெயர் அச்சாகியிருந்தது. அதனால் எழுத்தில் அதற்குப் போட்டிப் பெயர் எழவில்லை. மேடையில் மடிக்கணினி என்று பெற்றுக்கொண்டு, வீட்டுக்கு வந்து லேப்டாப் என்று பேசினர் என்பதும் உண்மையே. இரண்டும் அதனதன் இடத்தில் நின்றுவிட்டன.

ஒரு கலைச்சொல் மக்களுடையதாகிவிட்டது என்பதற்கு அகராதியில் ஏறுவது போதிய அடையாளம் ஆகாது. அச்சொல்லை வைத்து மனு எழுத வேண்டும், சண்டை போட வேண்டும். 2019இல் அது நடந்தது. 2017-18ஆம் கல்வியாண்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குக் கணினி கிடைக்காத நிலையில், பின்னால் படித்தவர்களுக்கு வழங்கத் தொடங்கியதைக் கண்டித்து முன்னாள் மாணவர்கள் தமிழகத்தின் பல ஊர்களில் பள்ளிகளை முற்றுகையிட்டனர், சாலையில் அமர்ந்தனர். பழைய மாணவர்கள் கூட்டமாகத் தம் பள்ளி வாயிலுக்கு வந்து நிற்பது வாழ்த்துப் பெறுவதற்காக மட்டுமே இருந்த காலம் போய், பெற வேண்டியதைக் கேட்பதற்காகவும் ஆனது. ஆட்சியர் அலுவலகங்களில் கொடுத்த மனுக்களில் மடிக்கணினி வழங்கக் கோருதல் என்று எழுதினர். கலைச்சொல் ஆக்கியவர்கள் யாரும் இப்படி ஒரு பயன்பாட்டை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு கொரோனா காலத்தோடு பள்ளிகளில் வழங்கல் நின்றது.

கையும் மடியும்

2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசின் நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டாண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. கைக்கணினி என்பது இங்கே டேப்லெட். அதனைப் பலகைக் கணினி என்று எழுதுவோரும் உள்ளனர். பலகை என்ற பெயரே வடிவத்துக்குப் பொருத்தம் எனலாம். ஏனெனில் டேப்லெட் என்பது எழுதும் சிறு பலகையைக் குறித்த சொல். பள்ளிச் சிறுவர் சிலேட்டுப் பலகை தூக்கிப் போன நினைவும் அதில் சேர்ந்து வரும். ஆயினும் அரசுத் துறைகள் கைக்கணினியை எடுத்துக்கொண்டதால், மடிக்கணினி நிலைத்த அதே வழியில் அதுவும் நிலைத்துவிடும் போலிருக்கிறது. ஓலையில் எழுதிய நம் முன்னோர் அதை மேசைமீது வைத்து எழுதவில்லை. இடக்கையில் ஓலையைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தில் வெட்டிய பள்ளத்தில் எழுத்தாணியை ஊன்றி எழுதினர். கைக்கணினி என்ற பெயர் அவர்களுக்கு எளிதில் விளங்கியிருக்கும்.

இதற்கிடையில் கருவிகளும் மாறுகின்றன. 2020இல் லெனோவோ நிறுவனம் திங்பேட் எக்ஸ்1 ஃபோல்டு என்ற கணினியை வெளியிட்டது. அதில் திரையையும் விசைப்பலகையையும் கீல் வைத்து இணைப்பது இல்லை. திரையே துணி மடிவது போல நடுவில் மடிகிறது. மடித்தால் ஏட்டளவு, விரித்தால் தட்டு அளவு. பிற நிறுவனங்களும் இவ்வகைக் கணினிகளை விற்கத் தொடங்கிவிட்டன. மடிந்த, மடிகின்ற, மடியும் திரையுள்ள இதற்குத் தமிழில் இன்னும் தனிப்பெயர் அமையவில்லை. ஒற்றில்லாத மடிகணினி இதற்குச் சரியாகப் பொருந்தும். இத்தனை ஆண்டுகள் அதை அடித்துத் திருத்திய சிவப்பு மைதான் கொஞ்சம் தயங்கும்.